எந்தப் பக்கம் உட்கார்ந்தா நல்லா தெரியும்?

கண்டியிலிருந்து எல்ல வரைக்கும் ரயிலில் போகப்போகிற எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது: "எந்தப் பக்கம் உட்கார்ந்தா நல்லா தெரியும்?" நானும் கேட்டேன். நானுஓயா வரைக்கும் வலது பக்கம், அதற்குப் பிறகு இடது பக்கம் என்றார் ஒரு நண்பர். இரண்டு பக்கமும் ஒண்ணுதான், கதவுப் பக்கம் போய் நின்னுக்க என்றார் இன்னொருவர்.

உலகின் அழகான ரயில் பயணங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இலங்கையின் இந்த மலையகப் பாதை அதில் இருக்கும். போய்ப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பொய்யில்லை. ஹட்டன் தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலை. தலவாக்கலைக்கு அருகே சென் கிளேயர் அருவி. பட்டிப்பொல தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து வெயிலில் வெளியே வந்தோம். அந்த மலைமுகடுதான் இரண்டு பருவமழைகளுக்கும் நடுவே நிற்கும் வரப்பு என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஓஹிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் மேகத்துக்குள்ளிருந்து வந்து மேகத்துக்குள் போனது. கதவில் தொங்கிக்கொண்டு போன் நீட்டிய வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவில் நானும் தொங்கினேன்.

சில மாதங்கள் கழித்து வேறு வேலையாக கோத்தகிரி போயிருந்தேன். தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில், அறுபது தாண்டிய ஒரு பெரியவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவர் பிறந்ததே தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

"கோச்சியிலயா போனீங்க?" என்றார்.

ரயிலுக்கு மலையகத்தில் அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். தான் கடைசியாகக் கோச்சி ஏறியது 1971ல், பதினோரு வயதில் என்றார். அப்போது என் வாயில் வந்த முட்டாள்தனமான கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை இந்தப் பாதையின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

காப்பிக்காகப் போட்ட பாதை

இந்த ரயிலை யாரும் அழகுக்காகப் போடவில்லை. காப்பிக்காகப் போட்டார்கள்.

1830களுக்குப் பிறகு கண்டியைச் சுற்றிய மலைகளில் காடுகளை வெட்டி ஆங்கிலேயர்கள் காப்பி பயிரிட்டார்கள். விளைந்தது மலையில், கப்பல் நிற்பது கொழும்பில். நடுவில் சுமார் 120 கிலோமீட்டர் சாலை. மாட்டு வண்டிகள் நாட்கணக்கில் இறங்கி வரவேண்டும். மழையில் வண்டி நின்றால் மூட்டை நனையும், மாடு செத்தால் மூட்டை அங்கேயே கிடக்கும். துரைமார்கள் ரயில் கேட்டு நச்சரிக்க ஆரம்பித்தார்கள்.

1845ல் இதற்காக லண்டனில் ஒரு கம்பெனி உருவானது. 1858 ஆகஸ்டில் கவர்னர் ஹென்றி வார்டு முதல் மண்ணை வெட்டிப் போட்டார். அதோடு சரி, செலவுக் கணக்கு எகிறிக்கொண்டே போனது. 1861ல் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு அரசாங்கமே வேலையைக் கையில் எடுத்தது. ஒப்பந்தக்காரராக வந்தவர் வில்லியம் ஃபேவியல், 1853ல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பம்பாய் – தானே பாதையைப் போட்ட அதே ஆள். பொறியாளர் கில்ஃபோர்ட் மோல்ஸ்வொர்த். 1865ல் அம்பேபுஸ்ஸ வரைக்கும் போக்குவரத்து தொடங்கியது. 1867ல் ரயில் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறி கண்டியைத் தொட்டது.

கடுகண்ணாவையில் பாதையின் ஏற்றம் 45க்கு 1. அதாவது ஓர் அடி உயரம் ஏற 45 அடி ஓடவேண்டும். அதற்கு மேலே உள்ள மலைப்பாதையில் 44க்கு 1. நமக்கு இது தரை மாதிரி தெரியும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏறும்போது இதுவே பெரிய ஏற்றம். இதைத் தாண்டினால் சரக்கு வண்டியை இழுக்க எஞ்சின் ரொம்பத் திணறும்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாவலப்பிட்டியிலிருந்து பட்டிப்பொலவுக்கு உயர வித்தியாசம் சுமார் 1,300 மீட்டர். 44க்கு 1 என்றால், நடுவில் எங்கேயும் மட்டமாக ஓடாமல் ஏறிக்கொண்டே இருந்தாலும் குறைந்தது 57 கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். நிஜத்தில் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த நீளத்தை எங்கே போய்த் தேடுவது? மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் தேட முடியும். நேராகத் துளைத்தால் சுரங்கத்துக்குக் காசு ஆகும். அதனால் முடிந்த இடத்தில் எல்லாம் வளைத்தார்கள். சில வளைவுகளின் ஆரம் நூறு மீட்டர்தான்.

கடைசிப் பெட்டியிலிருந்து எஞ்சினைப் பார்த்து நாம் படம் எடுக்கிறோமே, அது இந்த வளைவுகளால் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு விரிவது, ஒரே அருவியை இரண்டு மூன்று கோணத்தில் பார்க்க முடிவது எல்லாமே, சரக்கைக் குறைந்த செலவில் மேலே கொண்டுபோக வேண்டும் என்ற கணக்கின் பக்க விளைவு.

இன்னொரு விஷயமும் இதே கணக்கில் வருகிறது. டார்ஜிலிங்குக்கு இரண்டடி அகலத்தில் பொம்மை ரயில் போட்டார்கள். நம் ஊட்டிக்கு மீட்டர் கேஜும் நடுவில் பற்சக்கரமும். இலங்கையில் மட்டும் கொழும்பில் போட்ட அதே ஐந்தரை அடி அகலப் பாதையை பட்டிப்பொல உச்சி வரைக்கும், கிட்டத்தட்ட 1,890 மீட்டர் உயரத்துக்கு, பற்சக்கரம் இல்லாமலேயே ஏற்றினார்கள். மலையில் ஏற்றிய மூட்டை நடுவில் எங்கேயும் வண்டி மாறாமல் கொழும்புக்குப் போகலாம்.

காப்பி செத்தது, ரயில் நின்றது

நின்றது என்றால் ஓடாமல் நின்றது இல்லை. நிலைத்து நின்றது.

ரயில் கண்டிக்கு வந்து இரண்டே வருஷம். 1869ல் காப்பி இலையின் அடியில் துரு மாதிரி ஒரு மஞ்சள் பூஞ்சை தெரிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் இன்னும் மேலே இன்னும் மேலே என்று காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள், ரயிலும் பின்னாலேயே போனது. 1874ல் நாவலப்பிட்டி. 1884ல் ஹட்டன். 1885 மே மாதம் நானுஓயா. ரயில் நானுஓயா போய்ச் சேர்ந்தபோது, எந்தக் காப்பிக்காக அதைக் கேட்டார்களோ அந்தக் காப்பி அநேகமாகச் செத்துப்போயிருந்தது.

ரயிலைக் காப்பாற்றியது தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867லேயே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி போன இடத்தில் எல்லாம் தேயிலை ஏறியது. 1893ல் அப்புத்தளை, 1894ல் பண்டாரவளை என்று பாதையும் நீண்டது.

இந்த மாற்றத்தில்தான் நம் ஆட்களின் கதை திரும்புகிறது. காப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் மதராஸ் மாகாணத்திலிருந்து ஆட்கள் போவார்கள், முடிந்ததும் பலர் திரும்புவார்கள். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணியில் கடலைத் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுவழியில் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தேயிலை அப்படி இல்லை. கொழுந்து வருஷம் முழுக்க வளரும், வருஷம் முழுக்கக் கிள்ள வேண்டும். அதனால் குடும்பத்தோடு போய் அங்கேயே தங்கவேண்டி வந்தது. லயம் என்கிற நீளக் கொட்டடி வீடுகளில் தலைமுறைகள் பிறந்தன.

1914ல் பாம்பன் பாலம் திறந்தது. அதே வருஷம் அந்தப் பக்கம் தலைமன்னார் வரைக்கும் ரயில் வந்தது. நடுவில் கப்பல். சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார், கொழும்பு. போட் மெயில் என்று நம் தாத்தாக்கள் சொன்னது இதைத்தான். தோட்டத்துக்குப் போனவர்களும் இதே வழிதான். மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்த பிறகு அனுப்புவார்கள். 1900களின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு தகரத் துண்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் குத்திய சின்னத் தகடு. அதை வைத்துத்தான் எந்த ஆள் எந்தத் தோட்டம், செலவு யார் கணக்கில் என்று பார்த்து ஏற்றி இறக்கினார்கள். பார்சலுக்கு ஒட்டும் சீட்டு மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

தலைப்பாகையும் பாலமும்

பண்டாரவளையிலிருந்து பதுளை போய்ச் சேர இன்னும் முப்பது வருஷம் ஆனது. 1924ல்தான் முடிந்தது. இன்றைக்குக் கூட்டம் அலைமோதும் இரண்டு இடங்கள் இந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கின்றன.

ஒன்று தெமோதரை வளையம். ரயில் ஸ்டேஷனில் நின்று கிளம்பி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலிருக்கும் சுரங்கத்துக்குள் போகும். இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். எப்படி இறக்குவது என்று பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாராம். அந்தச் சுற்றைப் பார்த்து யோசனை வந்ததாம்.

இன்னொன்று எல்லவுக்குப் பக்கத்திலிருக்கும் ஒன்பது வளைவுப் பாலம். முதல் உலகப்போரில் இரும்பு எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டதால், அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் கல்லையும் செங்கல்லையும் சிமெண்டையும் வைத்தே கட்டிக்கொடுத்தார் என்பது ஊர்க்கதை. பாலத்தில் இரும்புச் சட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 1923ல் இலங்கைப் பொறியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, தலைப்பிலேயே இதைக் கான்கிரீட் பாலம் என்கிறது. வடிவமைத்தவர் ரயில்வேயின் கட்டுமானப் பிரிவில் இருந்த ஹெரால்ட் மார்வுட்.

ஊர்க்கதைகளை நான் கேலி செய்யவில்லை. இரண்டு கதையிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது பாருங்கள். ஆவணத்தில் பொறியாளர் பெயர் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறது, மண்ணை வெட்டிப்போட்ட கவர்னர் பெயர்கூட இருக்கிறது. வேலை செய்தவர்கள் பெயர் இல்லை. விட்டுப்போன அந்த இடத்தில் ஊர், ஒரு கங்காணியையும் ஒரு அப்புஹாமியையும் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது. நிஜமாக நடந்ததோ இல்லையோ, ஊருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

கனடாவிலும் இதே கதை

இது இலங்கைக்கு மட்டுமே உரிய கதையோ என்று நினைத்தேன். அழகான ரயில் பட்டியலில் எப்போதும் இருக்கும் இன்னொரு பாதை, கனடாவில் ராக்கி மலைகளைத் தாண்டிப் போகும் கனடியன் பசிபிக். அதன் கடைசி ஆணியை 1885 நவம்பர் 7ல் அடித்தார்கள். நானுஓயாவுக்கு ரயில் வந்த அதே வருஷம். மேற்குக் கரையோர மலைப்பகுதியில் பாறையை வெடிவைத்துப் பாதை போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனர்கள். வெடியிலும் பாறைச் சரிவிலும் நோயிலும் செத்தவர்கள் பலர். பாதை முடிந்த அதே 1885ல், கனடாவுக்குள் வரும் சீனர்களில் பெரும்பாலானோருக்கு ஆளுக்கு 50 டாலர் தலைவரி என்று சட்டம் போட்டார்கள். வேலை முடிந்தது, இனி வராதே என்பதுதான் அதன் அர்த்தம்.

இலங்கையில் இது நடக்க இன்னும் அறுபது வருஷம் ஆனது.

ஒப்பாரிக் கோச்சி

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948லேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பனோ பாட்டனோ அந்த மண்ணில் பிறந்ததை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். லயத்தில் பிறந்தவர்களிடம் ஏது காகிதம்? ஒரே சட்டத்தில் லட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து, 1974ல், அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். யாரிடமும் 'உனக்கு எந்த ஊர்?' என்று கேட்டு ஒப்பந்தம் எழுதவில்லை. அண்ணன் குடும்பம் இந்தியாவுக்கு, தம்பி குடும்பம் இலங்கைக்கு என்று பிரிந்த வீடுகள் எத்தனையோ.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. அதனால் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் ரயில் ஏறியவர்கள் பொல்காவலை, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் துறைக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். முன்னோர்கள் வந்த வழியிலேயே தலைகீழாக அனுப்பப்பட்டார்கள். 1984ல் கப்பல் நிற்கும்வரை இது நடந்தது. பிறந்த குழந்தைகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

அந்த ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கே அந்தப் பெயர் இருக்கிறது. ஸ்டேஷனில் போகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். செத்த வீட்டில் அழுவது மாதிரியான அழுகை. இனிப் பார்க்கமாட்டோம் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும்.

வந்தவர்களில் ஒரு பகுதிக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை நட ஆரம்பித்தது. பின்னாளில் அதுதான் டான்டீ ஆனது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் 'சிலோன்காரங்க' என்று சொல்லப்படுகிறவர்கள் அவர்கள்தான். அங்கே கொழுந்து கிள்ளினார்கள், இங்கே வந்தும் கொழுந்து கிள்ளினார்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் தங்கிவிட்ட மிச்சப்பேருக்கு முழுத் தீர்வு தரும் சட்டம் 2003ல்தான் வந்தது.

நான் கேட்ட கேள்வி

இப்போது கோத்தகிரிப் பெரியவரிடம் திரும்புகிறேன். அவர் அப்பா அம்மாவுக்கு இந்தியா என்று வந்தது. அப்பாயிக்கும் சித்தப்பா குடும்பத்துக்கும் இலங்கை.

நான் கேட்ட முட்டாள்தனமான கேள்வி இது: "நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்து வந்தீங்க ஐயா? அருவி தெரிஞ்சுச்சா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அருவி எந்தப் பக்கமோ தெரியல தம்பி. ஸ்டேஷன் பக்கத்து ஜன்னல்லதான் எல்லாரும் கெடந்தோம். அப்பாயி கீழ நின்னு எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டே இருந்துச்சு. கோச்சி நகந்தப்பவும் விடல, கூடவே நடந்து வந்துச்சு. அந்தப் பக்கத்து ஜன்னல்ல ஒருத்தருமே இல்ல. பெட்டியெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருமோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு."

அப்புறம் அவர்தான் என்னைக் கேட்டார். தலவாக்கலை ஸ்டேஷன் இப்போ எப்படி இருக்கிறது? பிளாட்பாரம் அதேதானா? நான் அங்கே இறங்கவில்லை. ரயில் நின்ற இரண்டு நிமிஷமும் எதிர்ப்பக்கம் பார்த்து மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் தேடிப் பார்த்தேன், நூற்றுக்கணக்கான படங்களில் ஸ்டேஷன் ஒன்றில்கூட இல்லை.

நீங்கள் அந்த ரயிலில் போனால் தாராளமாக மலையைப் பாருங்கள். பார்க்கவேண்டிய மலைதான். தலவாக்கலையில் வண்டி நிற்கும்போது மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, பிளாட்பாரத்தையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு அனுப்பினால் கோத்தகிரிக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன்.